ஆடிக் காற்றில் ஏறி வந்த அண்ணனுக்கு

உடுமலைப் பக்கம் எங்கள் சமுதாய வானொலிக்கு ஸ்டுடியோ ஓரிடம், டிரான்ஸ்மிட்டர் 3 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் 5.8 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் இணைப்பு. காலையில் ஜோராக ஓடும். மதியம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பியதும் பேச்சு துண்டு துண்டாகும். பெட்டியை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், கரண்டைத் திட்டினோம்.

பக்கத்து மாடிக்குக் கேபிள் இழுக்க வந்த அண்ணன் ஒருவர் எங்கள் முழியைப் பார்த்து ஏறி வந்தார். டிஷ்ஷுக்குப் பின்னால் குனிந்து சித்த நேரம் பார்த்துவிட்டு, "தென்னை மட்டை ஆடுதுங்க தம்பி" என்றார். எதிர்க் கோபுரம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே என்றேன். தெரிந்தால் மட்டும் போதாதாம். நடுவழியில் அலைக்குச் சுற்றிலும் 6 மீட்டர் இடம் வேண்டும், அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்கோணும் என்றார். ஒரு ஜிஐ பைப்பைச் சேர்த்து டிஷ்ஷை உயர்த்தி, இழுகம்பி கட்டி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மைனஸ் 81 டிபிஎம்மில் கிடந்த சிக்னல் மைனஸ் 63க்கு வந்தது; இந்தக் கணக்கில் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கத்தான் பலம்.

காசு வாங்கவில்லை, ஒரு டம்ளர் மோர்தான். பேரைக் கேட்காமல் விட்டது எங்கள் தப்பு. அண்ணா, நேற்று அடித்த காற்றிலும் விவசாய நிகழ்ச்சி ஒரு சொல் விடாமல் போச்சுங்க. ரொம்ப நன்றிங்க. உங்க ஸ்பேனர் இங்கேதான் இருக்கு.