டேப்பட் கவரை இனி இறுக்காதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

பழைய வண்டியின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது, சத்தமும் சீராக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிஸ்டன், பேரிங், வால்வு என்று எல்லாவற்றையும் நீயே பார்த்துப் பார்த்துக் கோத்திருக்கிறாய். இப்போது வால்வுகளை மேலே மூடும் டேப்பட் கவரிலும், எஞ்சினின் முன்பக்கத்தை மூடும் டைமிங் கவரிலும் எண்ணெய் கசிகிறது, இறுக்க இறுக்க அதிகமாகிறது என்கிறாய். இனி அரைச் சுற்றுகூட முறுக்காதே. பெரும்பாலும் அந்த முறுக்குதான் கசிவுக்கே காரணம்.

பழைய வண்டிகளில் இந்தக் கவர்கள் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்தவை. போல்டை முறுக்கும்போது ஓட்டையைச் சுற்றியுள்ள தகடு, கசியாமலிருக்க அடியில் வைக்கும் கார்க் கேஸ்கெட் பக்கமாகக் குழிந்து இறங்கும். அங்கே கார்க் நசுங்கிப் பிதுங்கும். இரண்டு போல்டுக்கு நடுவிலோ தகடு வில் மாதிரி மேலே எழும்பி நிற்கும். கார்க்கின் மேல் அழுத்தமே இருக்காது. எண்ணெய் வருவது அந்த வழியாகத்தான். மேலும் முறுக்கினால் வளைவு கூடும், வழி அகலும். உனக்கு முன்னால் அந்தக் கவரை யார் யார் எத்தனை முறை முறுக்கினார்களோ! அதனால் புதுக் கேஸ்கெட்டைக் கையில் எடுப்பதற்கு முன் கவரைப் பார்.

நன்றாகக் கழுவித் துடைத்து, தடித்த கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வை. விளிம்புக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற இடங்களைக் குறித்துக்கொள். ஓட்டைகளைச் சுற்றித் தடவினால் மேடு விரலில் தட்டுப்படும். கேஸ்கெட் உட்காரும் முகம் மேலே இருக்கும்படி விளிம்பை ஓர் இரும்புக் கட்டையில் கிடத்தி, சின்னக் குண்டு சுத்தியலால் பொறுமையாகத் தட்டி மேட்டை இறக்கு. ஓட்டையோரம் மயிரிழை அளவு எதிர்ப்பக்கம் போனாலும் கவலையில்லை. போல்டு இழுக்கும்போது சமமாகிவிடும். இந்த வேலைக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனாலும் போகட்டும், அவசரப்படாதே. உன் டைமிங் கவர் வார்ப்பு அலுமினியம் என்றால் மட்டும் சுத்தியலைத் தொடாதே, விரிசல் விழும். நீர் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, கவரை எட்டு வடிவில் தேய்த்தால் போதும்.

எஞ்சின் பிளாக்கிலும் அதன் மேல் உட்காரும் ஹெட்டிலும் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது மெஷினில் மாட்டும் உரசு வட்டைப் பயன்படுத்தாதே, கண்ணு. அதிலிருந்து உதிரும் துகள் எண்ணெயோடு கலந்து, நீ அவ்வளவு கவனமாகப் போட்ட பேரிங்குகளை அரைத்துவிடும். திறந்த இடங்களில் துணி அடைத்துவிட்டு, தட்டையான சுரண்டியால் கையாலேயே எடு. கடைசியாக இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் தின்னரால் துடை. மறுபக்கம் திறக்காத குருட்டு ஓட்டைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்டு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். இறுகியது போலத் தோன்றும், கவரை அழுத்தியிருக்காது. ஊதிக் காயவை. எண்ணெய் இருக்கும் பக்கம் வரை துளைத்துப் போகும் ஓட்டைகளில் போல்டின் மரைக்கே சீலன்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மரை வழியாக ஏறி வந்து கேஸ்கெட் மேல் பழியைப் போட்டுவிடும்.

கார்க் கேஸ்கெட் நாள்பட்டு வைத்திருந்தால் உலர்ந்து சுருங்கும், ஓட்டைகள் பொருந்தாது. இழுத்துப் பொருத்தாதே, கிழிந்துவிடும். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் பழைய அளவுக்கு வரும். ஈரம் போனபிறகு கவர் பக்கம் மட்டும் பசை தடவி, சமதளத்தில் கனம் வைத்து ஒட்டவிடு. ஹெட் பக்கம் பசை வேண்டாம், லேசாகக் கிரீஸ் பூசினால் போதும். வால்வு இடைவெளி பார்க்க அடிக்கடி திறக்கும் கவர் அது. இரண்டு பக்கமும் ஒட்டினால் அடுத்த முறை கேஸ்கெட் கிழிந்துதான் வரும்.

சிலிக்கானைத் தாராளமாகப் பூசியிருப்பாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கார்க்குக்கும் ரப்பருக்கும் அது எமன். காய்வதற்கு முன் வழுக்கி, இறுக்கும்போது கேஸ்கெட்டை வெளியே தள்ளிவிடும். உள்ளே பிதுங்கிய சிலிக்கான் நூல் அறுந்து, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் விழுந்தால், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும். கசிவைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், அதைச் சகிக்க முடியாது. சம்ப்பும் டைமிங் கவரும் பிளாக்கும் கூடும் மூலையில் மட்டும் ஒரு பொட்டு வை. எண்ணெய் பம்ப் மூடிக்கும் எஞ்சினில் மாட்டும் பெட்ரோல் பம்ப்புக்கும் கேஸ்கெட்டின் தடிமனே ஒரு அளவு. முதலாவதில் பல்சக்கரத்தின் இடைவெளியும் இரண்டாவதில் நெம்புகோலின் வீச்சும் அதனால் மாறும். அங்கே கண்டதைப் பூசவோ இரட்டைக் கேஸ்கெட் போடவோ கூடாது.

டைமிங் கவரை மாட்டும்போது போல்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, புல்லியின் கழுத்தைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, கிராங்க் புல்லியை உள்ளே செலுத்து. சீல் நடுவில் வந்தபிறகு போல்டுகளை இறுக்கு. புல்லியின் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் தாங்காது. மெல்லிய உறை ஒன்றை அதன்மேல் ஏற்ற வேண்டும்.

இறுக்கும் அளவு உன் வண்டியின் கையேட்டில் இருக்கும். தகட்டுக் கவருக்குப் பெரும்பாலும் சில பவுண்டு-அடிதான். 4 பவுண்டு-அடி என்பது சுமார் 5.4 நியூட்டன்-மீட்டர். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் அவ்வளவு குறைவான அளவைச் சரியாகக் காட்டாது, அங்குல-பவுண்டில் காட்டும் சின்னது வேண்டும். 12 அங்குல-பவுண்டு ஒரு பவுண்டு-அடி, குழப்பிக்கொள்ளாதே. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தவணையில் இறுக்கு. போல்டுக்கு அடியில் அகலமான தகட்டு வாஷர் வைத்தால் அழுத்தம் பரவும்.

இவ்வளவும் செய்தபிறகும் கசிந்தால், கேஸ்கெட்டை விட்டுவிட்டு, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதரைப் பார். புது ரிங்குகள் சிலிண்டரோடு பழகும்வரை எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறும் குழாயோ அதற்குள் இருக்கும் கம்பி வலையோ கசடு பிடித்து அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடம் எதுவோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். வலையை மண்ணெண்ணெயில் கழுவி, குழாயை ஊதிப் பார்.

பின்பக்கம் கிளட்ச் கூண்டின் அடியில் ஒரு சொட்டு நின்றால் அதற்காக எஞ்சினை இறக்கிவிடாதே. அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம் மட்டும்தான்.

முதலில் கவரைக் கழற்றி, கண்ணாடி மேல் வைத்த நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. புல்லியின் கழுத்தையும் கிட்டத்தில் எடு. அதைப் பார்த்துவிட்டு உறை வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை பழைய கேஸ்கெட்டை எறிந்துவிடாதே. எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே நசுங்காமல் இருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

அன்புடன்,
அப்பா