சான்றிதழ் கேட்கும் வாசலில் ஊசியைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று வருவதற்குள், நகரங்களில் வணிக வளாகம், திரையரங்கு, பஸ் அனைத்துக்கும் தடுப்பூசிச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் விதிகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். ஊசி போடுவதும் போடாததும் தனிமனித விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று ஒரு வாசகர் அதற்குச் சூடாகப் பதில் எழுதினார். இருவரும் சட்டம் பேசினார்கள். அந்தக் காகிதத்தை எடுப்பதற்கு ஜனங்கள் பட்ட பாட்டை இருவரும் பேசவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஏற்காடு சாலையில் கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரம் போகும் வழியில் ஜெராக்ஸ், பிரின்ட், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். 2021-இன் பிற்பகுதியிலும் 2022-இன் தொடக்கத்திலும் என் கடையில் அதிகம் ஓடியது, கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் பதிவுத் தளம் தந்த சான்றிதழ்தான். பிரதமர் படத்துடன் ஏ4 தாளில் ஒன்று, சட்டைப் பைக்கு அடங்கும்படி ஏடிஎம் அட்டை அளவில் ஒன்று. அந்தக் கட்டாயத்தால் நாலு காசு பார்த்தவன் நான். அது மறுபடியும் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை.

ஊசிக்கு நான் எதிரி அல்ல. 2021 மே மாதத்தில் மருத்துவமனை வாசல்களில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்த எவரும் எதிரியாக இருக்க முடியாது. கோவிஷீல்டு தடுப்பூசியின் இரு தவணைகளுக்கு இடையிலான இடைவெளியை அதே மாதம் 12 முதல் 16 வாரம் என்று நீட்டியபோது முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்து, வீட்டில் அனைவரும் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டோம்.

ஏற்காட்டுக்குப் போகும் வண்டிகளை அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்திச் சான்றிதழ் கேட்ட நாட்களில் என் கடைக்கு இரண்டு வகையான ஆட்கள் வந்தார்கள். மேலே போகிறவர்கள் ஒரு வகை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கைபேசியில் இருப்பதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் இன்னொரு வகை. காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு தவணைக்கும் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். "தோட்டத்துக்கே வந்து நர்சம்மா போட்டுவிட்டுப் போனார்கள், தம்பி. இரண்டு தடவையும் போட்டுக்கொண்டேன்" என்றார். எந்த நம்பர் கொடுத்தீர்கள் அம்மா என்று கேட்டேன். மேஸ்திரியின் நம்பராம். கைபேசி இல்லாதவர் வேறு எந்த நம்பரைக் கொடுப்பார்? ஒரே எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பது அப்போதைய விதி. அதை ஆறாக்கியதே 2022 ஜனவரியில்தான்.

நான் எண்ணைத் தட்டினால் ஓடிபி மேஸ்திரியின் கைபேசிக்குப் போகும். அதை அவர் பார்த்து, எனக்குக் கூப்பிட்டுச் சொல்லி, நான் பதிவதற்குள் அது காலாவதியாகிவிடும். மேஸ்திரி நின்ற சரிவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த அம்மா கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ஒருவழியாகச் சான்றிதழ் இறங்கியபோது பெயரில் பின்பாதியைக் காணோம், பிறந்த ஆண்டு ஏதோ ஓர் ஆண்டு. ஆதார் அட்டையோடு வைத்துப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது. திருத்த வழி உண்டு, ஆனால் ஒரு முறைதான். அதற்கும் மறுபடி ஓடிபி வேண்டும். அடுத்த வாரம் வந்தபோது, அந்த வேலைக்கு வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள் என்றார். ஊசி அவர் உடம்பில் இருந்தது. காகிதத்தில்தான் இல்லை.

இதற்கு நேர்மாறானதும் என் கடைக்கு வந்தது. கணவரின் கைபேசியை எடுத்து வந்த ஒரு பெண், இரண்டாம் தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது என்ற குறுஞ்செய்தியைக் காட்டி, இதை எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டார். கணவர் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். இன்னும் சிலர், நண்பரின் சான்றிதழைக் கொடுத்து, "பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள், கேட்டதைத் தருகிறோம்" என்றார்கள். திருப்பி அனுப்பினேன். அவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்; மாட்டியிருக்கவும் மாட்டார்கள். சான்றிதழின் மூலையில் உள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் திருட்டு உடனே தெரிந்துவிடும், உண்மைதான். ஆனால் ஜவுளிக்கடை வாசலில் நின்ற காவலாளி, ஒரு கையில் வெப்பமானியும் மறு கையில் கிருமிநாசினிப் புட்டியுமாக நின்றார். எந்தக் கையால் ஸ்கேன் செய்வார்? காகிதத்தில் படம் இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

கட்டாயப்படுத்தினால்தான் ஜனங்கள் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்கிறார் ஓய்வுபெற்ற அதிகாரி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரான்சில் 2021 ஜூலை 12 அன்று அதிபர் மக்ரோன், இனி காபிக் கடைக்கும் சான்றிதழ் வேண்டும் என்று அறிவித்ததும், ஒரே நாளில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசிக்கு முன்பதிவு செய்தார்கள். நியூயார்க் நகரம் அந்த ஆகஸ்டில் உணவகம், உடற்பயிற்சிக் கூடம், திரையரங்குகளுக்குக் கட்டாயமாக்கி, 2022 மார்ச்சில் விலக்கிக்கொண்டது. நம் நீலகிரியிலோ டாஸ்மாக் கடையில் சான்றிதழ் கேட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும், குடிப்பவர் போய் ஊசி போட்டுக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். மது இல்லாமல் இருந்துவிடலாம், காபிக் கடைக்குப் போகாமலும் இருந்துவிடலாம். 2021 டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. 2022 ஜனவரியில் சென்னை புறநகர் ரயிலில் ஏற இரண்டு தவணைச் சான்றிதழ் கேட்டார்கள். பஸ்ஸும் ரயிலும் சந்தையும் பொழுதுபோக்கு அல்ல. அங்கே கதவை மூடினால் அன்றைய கூலியே போய்விடும்.

அவருக்குப் பதில் எழுதிய வாசகர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் துணைக்கு அழைத்திருக்கிறார். ஊசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று வந்த அந்தத் தீர்ப்பை இரு தரப்பும் பாதி பாதியாகப் படிக்கின்றன. யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, உடல் அவரவருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் சொன்னது. பொது நலன் கருதி அளவான, நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் விதித்த கட்டுப்பாடுகள் நீதிமன்றத்தில் ஏன் எடுபடவில்லை? ஊசி போடாதவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது, போட்டவரிடமிருந்து தொற்றுவதைவிட அதிகம் என்று காட்ட அரசுகள் தரவு எதுவும் தரவில்லை என்பதால்தான். ஒமைக்ரான் வந்தபோது இரண்டு தவணை போட்டவர்களும் இருமிக்கொண்டு படுத்ததை நாம் எல்லாரும் வீட்டிலேயே பார்த்தோம். ஊசி உயிரைக் காத்தது. பக்கத்து இருக்கைக்காரரை எவ்வளவு காத்தது என்பது வேறு கேள்வி. சான்றிதழ் கேட்கும் வாசல் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எந்தச் சான்றும் எங்கும் கேட்கவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகிறவர் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, மஞ்சள் அட்டை வாங்கித்தான் விமானம் ஏறுகிறார். ஊசி போடும் இடத்திலேயே அட்டையும் கையில் வந்துவிடுகிறது. அதில் யாருக்கும் குறை இல்லை.

போலியோவை நாம் எப்படி விரட்டினோம்? 1995-இல் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களில், குழந்தையின் இடது கைச் சுண்டு விரலில் மையால் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைக் காட்டினால்தான் பஸ்ஸில் ஏறலாம் என்று யாரும் சொன்னதில்லை. பஸ் நிலையத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள், ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். தவறவிட்ட வீட்டைத் தேடி மறுநாள் போனார்கள். விரலில் மை இல்லாத குழந்தையைக் கண்டால் திருப்பி அனுப்பவில்லை, வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு சொட்டு விட்டார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி யாரையும் தாக்கவில்லை. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. இதே கையால் இதைச் செய்து முடித்த அரசுதான், கொரோனாவில் தோட்டத்துக்கே நர்சம்மாவை நடக்க வைத்துவிட்டு, பிறகு வாசலில் காவலாளியையும் நிற்க வைத்தது.

ஆகவே என் யோசனை இதுதான். எந்த வாசலில் சான்றிதழ் கேட்கத் தோன்றுகிறதோ, அந்த வாசலில் ஊசி போடும் மேஜையை வையுங்கள். காகிதம் இல்லாதவர் வந்தால் விருப்பம் கேட்டு அங்கேயே போடுங்கள். போட்ட செவிலியரே கையெழுத்திட்டு அப்போதே ஓர் அட்டை கொடுக்கட்டும். கணினிப் பதிவு பின்னால் வரட்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் தாய் சேய் நல அட்டை அப்படித்தான் இருக்கிறது, அதற்கு யாரும் ஓடிபி கேட்பதில்லை. வேண்டாம் என்பவரை முகக்கவசத்தோடு பஸ்ஸில் ஏறவிடுங்கள். ரேஷன் கடை, மருத்துவமனை, சந்தை எதையும் அவருக்கு மூடாதீர்கள்.

எங்கள் அடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் மேஜை போட இடம் இருக்கிறது. மலைக் கிராமங்களிலிருந்து வரும் பஸ்ஸும் அங்கேதான் நின்று இறங்கும். மின் இணைப்பும் பிரின்டரும் என் கடையிலிருந்து இலவசமாகத் தருகிறேன். காகிதச் செலவை மட்டும் மாவட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோரிமேடு, சேலம்.