நாவலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

நாவல்களைவிடத் தன்வரலாறுகளே வாழ்க்கைக்கு உதவும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டையும் விடாமல் படிக்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

பார்வை மங்கிய என் தந்தைக்கு இரவில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். தம் தந்தையின் உயிர் பிரிந்த நேரத்தில் அருகில் இல்லாமல் போனதைக் காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயம் முடிந்ததும், தாத்தாவைப் பற்றி அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றை அப்பா சொல்லத் தொடங்கினார். ஒருவர் தம் வெட்கத்தை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது. தன்வரலாற்றின் பெருமை அது.

ஆனால் அதில் ஒலிப்பது ஒரே குரல். நாவலோ நமக்குப் பிடிக்காதவரின் மனத்துக்குள்ளும் அழைத்துச் செல்லும். டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் வரும் கணவர் கரேனின் முதலில் ஈரமற்ற அதிகாரியாகவே தெரிகிறார். பிரசவத்துக்குப் பின் அன்னா உயிருக்குப் போராடும்போது, அவளையும் அவள் காதலனையும் மன்னிக்கிறார். தனக்குப் பிறக்காத அந்தக் குழந்தையிடம் பாசமும் கொள்கிறார். எத்தனை பெரிய மனம்! அலுவலகத்தில் எல்லோரும் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிய மேலதிகாரியிடம் நானாகப் போய்ப் பேசியது இதைப் படித்த பிறகுதான்.

மதிப்புரைப் பக்கத்தில் நாவல்களுக்கான இடத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஒரே காலத்தைப் பேசும் நாவலையும் தன்வரலாற்றையும் சேர்த்து ஆராயும் கட்டுரைகளையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி