மவுத் ஆர்கனும் ஒரு வாக்கியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வெளிவந்த மேலை இசைக் கட்டுரையில், ‘குழந்தைகளின் ஊதுபொம்மையாகக் கிடந்த மவுத் ஆர்கன், பாப் டிலனின் உதட்டுக்கு வந்த பிறகே இசைக்கருவி ஆயிற்று’ என்றொரு வாக்கியம் கண்டேன். இசைக்கென்று தனிப் பகுதியே நடத்திவரும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே அந்தப் பக்கம் அச்சுக்குப் போன அன்று தாங்கள் ஊரில் இல்லை என்றே எண்ணிக்கொள்கிறேன்.

அமெரிக்கப் பாடகரான டிலன் பிறந்தது 1941இல். அதற்கு முன்பே, 1927 டிசம்பரில், அமெரிக்காவின் நாஷ்வில் நகர வானொலியின் இசை நிகழ்ச்சியொன்றில் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர், சிறு வயதில் போலியோ தாக்கிக் குள்ளமாகவே வளர்ந்தவர், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவியில் ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலையே ஓடவிட்டிருக்கிறார். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற புகழ்பெற்ற பெயர் அந்த நிகழ்ச்சிக்குப் பிறந்ததே அன்று அவர் வாசித்து முடித்த கையோடுதான். அதே நிகழ்ச்சியிலிருந்து 1941இல் அவரை வெளியேற்றினார்கள். பிறகு ஷூ பாலிஷ் கடையை நம்பி வாழ்ந்து, 1982இல் மறைந்தார். ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல். இவற்றையெல்லாம் மூன்றாண்டுகளுக்கு முன் தங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். வெளியான மூன்று வரிகளில் அவர் ‘ஒரு கறுப்பினப் பாடகர்’ ஆகியிருந்தார். பெயருக்கு இடமில்லை போலும்.

பொம்மை என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஜெர்மானிய நிறுவனமான ஹோனர், பத்துத் துளைகளும் அதிர்ந்து ஒலியெழுப்பும் இருபது ரீடுகளும் வைத்து இக்கருவியைச் செய்தது, தம் நாட்டு எளிய மெட்டுகளை ஊதி வாசிப்பதற்காக. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களோ, ‘சி’ சுருதிக்கென்று செய்த கருவியைக் கையிலெடுத்து ‘ஜி’ சுருதியில், ஊதுவதைக் காட்டிலும் மூச்சை உள்ளே இழுத்து வாசித்தார்கள். இழுக்கும்போது நாக்கின் வாகைச் சற்றே மாற்றினால் சுரம் வளைந்து இறங்கும்; மூன்றாம் துளையில் மட்டும் மூன்று அரைச்சுரம் வரை இறங்கலாம். செய்தவர்கள் எண்ணியும் பாராத அந்தச் சுரங்களில்தான், அம்மக்களின் இசையான ப்ளூஸின் அழுகை இருக்கிறது.

அந்த மூன்றாம் துளை எனக்குப் பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின. மேல்தகட்டில் சிக்கிச் சிக்கி மீசை முடி பிய்ந்ததால் ஒருநாள் மீசையையே மழித்துவிட்டேன். யாருக்குக் கருமாதி என்று என் தாயார் பதறிப்போனார். அத்தனை பாடுபட்ட பின் 1991இல் ஓர் இன்னிசைக் குழுவின் தேர்வுக்குச் சென்றபோது, ‘அந்தச் சத்தம் கீபோர்டிலேயே வந்துவிடும், தம்பி’ என்று அனுப்பிவைத்தார்கள். தங்கள் கட்டுரையாளரும் அந்தக் குழுவில் இருந்தவரோ என்னவோ.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்சி உருண்ட பவுலர் தொப்பியுடன் நிற்பவரின் படத்துக்குக் கீழே, ‘1948இல் கொலையுண்ட சோனி பாய் வில்லியம்சன்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் மவுத் ஆர்கன் வாசித்தவர்கள் இருவர். சிகாகோவில் 34 வயதில் கொல்லப்பட்ட ஜான் லீ வில்லியம்சன் வேறு. அவர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு, 1941 முதல் ஆர்கன்சாவின் ஹெலினா வானொலியில் வாசித்த ரைஸ் மில்லர் வேறு. தாங்கள் கொன்றுவிட்ட தொப்பிக்காரர் 1963இல் இங்கிலாந்துக்கே போய், அங்கிருந்த இளம் ராக் குழுக்களோடு வாசித்தார்.

லிட்டில் வால்டரின் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. மைக்கையும் மவுத் ஆர்கனையும் கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி, ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பையே தன் குரலாக்கியவர் அவர். அவருடைய ‘ஜூக்’ என்ற இசைத்தட்டு 1952இல் எட்டு வாரம் அமெரிக்காவின் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அது பதிவான மே மாதத்தில் டிலனுக்குப் பதினோரு வயதுகூட நிறையவில்லை. இன்று ப்ளூஸ் வாசிக்க இக்கருவியைத் தொடுகிற எவரும் வால்டரைக் கேட்காமல் தப்ப முடியாது. டிலன் மீது எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. அவர் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும்: படத்தில் இருப்பவர் யார் என்பதும், பெய்லியின் பெயரும். இடமில்லையென்றால், மூன்றாண்டுகளுக்கு முன் கடிதத்தோடு அனுப்பிய என் பழைய மவுத் ஆர்கனின் புகைப்படத்தையாவது திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். அஞ்சல் தலை ஒட்டிய உறையை அப்போதே இணைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்.