குமாருக்கு, அந்த மஞ்சள் கொடியைப் பற்றி

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் காலேஜுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு முழு நேரமும் அமெரிக்கன் ஃபுட்பால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு, அதாவது பந்தைப் பிடிக்கப் போகிறவனைப் பந்து வருமுன் இடித்தோ இழுத்தோ தடுத்ததற்கு நடுவர் மஞ்சள் கொடி எறிகிற அந்தத் தப்புக்கு, காலேஜ் ஃபுட்பால் மாதிரி தொழில்முறை லீகான என்எஃப்எல்-லும் அதிகபட்சம் 15 யார்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 50 யார்டு தள்ளி, பந்தைப் பிடிக்க ஓடும் ஒரு ரிசீவர் தன்னைக் காவல் காக்கும் கார்னர்பேக்கைத் தாண்டி ஓடிவிட்டான், பந்து வந்துகொண்டிருக்கிறது, பிடித்தால் டச்டவுன். 15 யார்டுதான் தண்டனை என்றால் பின்தங்கிப்போன அந்த கார்னர்பேக் என்ன செய்வான்? கையைப் பிடித்து இழுத்துவிடுவான், அவன் கோச்சே அப்படிச் செய் என்றுதான் சொல்லிக்கொடுப்பார். தப்பு நடந்த இடத்திலேயே பந்தை வைத்து ஃபர்ஸ்ட் டவுன் (முதல் முயற்சியிலிருந்து மறுபடி ஆடும் வாய்ப்பு) கொடுக்கிறார்களே, டச்டவுன் எடுக்கும் இடமான எண்ட் ஸோனுக்குள் நடந்தால் 1 யார்டு கோட்டில் வைக்கிறார்களே, அந்தப் பயம் இருப்பதால்தான் ரிசீவர்கள் தப்பிக்கிறார்கள்.

ஆனால் வேண்டுமென்றே குறைத்து எறிந்த பந்துக்காக ரிசீவர் சட்டென்று நின்று திரும்ப, பின்னால் ஓடி வந்தவன் போய் மோத, அதற்கு 40 யார்டு கொடுப்பது அநியாயம் என்கிறாயே, அது சரி. இருவருமே பந்துக்காகப் போகும்போது தற்செயலாக உரசினால் தப்பில்லை என்று விதியிலேயே இருக்கிறது, அதை நடுவர்கள் தைரியமாகப் பயன்படுத்தினாலே போதும்.

அப்புறம் எங்கள் நியூ ஆர்லியன்ஸ் டீம் சாயிண்ட்ஸ் கதை. 2019 ஜனவரி 20, எங்கள் மைதானமான சூப்பர்டோம், ராம்ஸ் டீமோடு சூப்பர் பவுலுக்குப் போவது யார் என்ற ஆட்டம், 20-20, ஆட்டம் முடிய 1 நிமிஷம் 49 விநாடி. தேர்ட் டவுன் (மூன்றாவது முயற்சி), ராம்ஸின் 13 யார்டு கோட்டில் நிற்கிறோம். எங்கள் ட்ரூ ப்ரீஸ் வலது ஓரத்தில் ரிசீவர் டாமிலீ லூயிஸுக்கு எறிகிறார். ராம்ஸின் நிக்கெல் ராபி-கோல்மன் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே பாய்ந்து வந்து, பந்து வருவதற்கு முன்னாலேயே அவனை இடித்துத் தள்ளினான். கொடி விழவில்லை. நாங்கள் மூன்று பாயிண்ட் தரும் ஒரு ஃபீல்ட் கோலோடு (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 23-20 என்று நின்றோம், ராம்ஸ் சமன் செய்து, ஓவர்டைமில் க்ரெக் ஸூயர்லைன் 57 யார்டிலிருந்து உதைத்து முடித்துவிட்டார். சீக்கிரம் வந்து இடித்துவிட்டேன் என்று ராபி-கோல்மனே அப்புறம் ஒத்துக்கொண்டான். ஹெல்மெட்டால் இடித்ததற்காக லீக் அவனுக்கு 26,739 டாலர் அபராதம் போட்டது, ஆட்டத்தை யார் திருப்பித் தருவது? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்று 31-க்கு 1 என்ற ஓட்டில் விதியை மாற்றினார்கள், சின்சினாட்டி மட்டும் வேண்டாம் என்றது. ஒரே சீஸன், விதியைத் தூக்கிவிட்டார்கள். யோசனையே தப்பு என்று நீ சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஸ்லோ மோஷனில் சின்ன உரசல்கூடப் பெரிய தப்பாகத் தெரியும், எதை மாற்றுவார்கள், எதை விடுவார்கள் என்று எந்தக் கோச்சுக்கும் பிடிபடவில்லை, அதில்தான் அது கவிழ்ந்தது. ரீப்ளே பார்க்கச் சொல்லிக் கோச் கேட்கும் சேலஞ்சே வேண்டாம். மேலே ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்திருப்பவர், வீட்டில் இருப்பவனுக்கே பளிச்சென்று தெரிகிற தப்பை மட்டும் நடுவரின் காதில் சொன்னால் போதும். சூப்பர்டோமில் அப்படி ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

உன் டீம் ஈகிள்ஸ் விஷயத்தில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. 2023 சூப்பர் பவுல் இறுதிப்போட்டி, சீஃப்ஸோடு 35-35, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. சீஃப்ஸின் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரின் ஜெர்சியை உங்கள் ஜேம்ஸ் ப்ராட்பெரி இழுத்தார், ஹோல்டிங் என்று கொடி விழுந்தது, சீஃப்ஸ் கடிகாரத்தை ஓட்டி 8 விநாடி இருக்கும்போது ஃபீல்ட் கோல் அடித்து 38-35 என்று ஜெயித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கொடியை எடுத்திருக்கவே கூடாது என்கிறாய். ப்ராட்பெரியே இழுத்தது உண்மை, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாரே குமார். கடைசி நிமிஷத்தில் கண்டும் காணாமல் விட்டதால்தான் நான் வயிறெரிகிறேன், அதே கடைசி நிமிஷத்தில் கண்டுகொண்டதற்கு நீ வயிறெரிகிறாய். இரண்டு பேருக்கும் ஒரே நியாயம்தான் இருக்க முடியும். ஆட்டம் முழுக்க ஒரு மாதிரி விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் பிடித்தார்கள் என்றால், கோபம் அதுவரை விட்டதன் மேல் வர வேண்டும்.

அடுத்த கடிதத்தில் நீ பிக் ப்ளே பற்றி எழுது, அதாவது ஒரு ரிசீவர் காவல்காரனை மறித்து இன்னொரு ரிசீவருக்கு வழி விடுவது. ஆட்டம் தொடங்கும் லைனிலிருந்து 1 யார்டுக்குள் ரிசீவர் தடுக்கலாம் என்ற சலுகையை வைத்துக்கொண்டு 3, 4 யார்டு வரை போய் இடிக்கிறார்கள், மாட்டினாலும் 10 யார்டுதான். இதை இறுக்க வேண்டும் என்பது என் கட்சி. நீ எந்தப் பக்கம்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி