வால்வு ஸ்பானர் தொகுப்பின் குறைபாடு குறித்துப் புகார்

அனுப்புநர்: தங்கள் ஸ்பானர் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 14 மி.மீ. வளைந்த ஸ்பானர்களின் அளவுப் பிழை. பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மெர்சிடிஸின் ஓ.எம். 616, ஓ.எம். 617 டீசல் எஞ்சின்களுக்கென்றே செய்யப்பட்டது என்று அட்டையில் அச்சிட்டுத் தாங்கள் விற்கும், மூன்று ஸ்பானர்கள் கொண்ட தொகுப்பை, டர்போ இல்லாத என் பழைய மெர்சிடிஸ் 300டி காருக்காக வாங்கினேன். அவற்றில் இரண்டு, வேலைக்கு உதவாததோடு எஞ்சின் பாகங்களையும் கெடுத்துவிட்டன.

இந்த எஞ்சினில், வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் இடையிலுள்ள வால்வு இடைவெளியை மாற்ற ராக்கரில் திருகு கிடையாது. வால்வுத் தண்டின் மேல்முனையிலேயே மரை வெட்டி, அதில் மூடி போன்ற ஒரு கேப் நட்டையும், அதற்கு அடியில் அதை நகராமல் இறுக்கி நிறுத்தும் ஒரு லாக் நட்டையும் பூட்டியிருக்கிறார்கள். இரண்டுமே 14 மி.மீ. அளவுள்ளவை. ஒரு ஸ்பானர் லாக் நட்டைப் பிடித்திருக்க, மற்றொன்றால் கேப் நட்டைத் திருப்ப வேண்டும்; வால்வும் சேர்ந்து சுழன்றுவிடாமல் மூன்றாவது ஸ்பானர், வால்வு ஸ்பிரிங்கின் மேல் உள்ள ஸ்பிரிங் தட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறுகிய இடத்தில் சாதாரண ஸ்பானரால் வேலை செய்வது மிகவும் கடினம் என்பதால்தான் இப்படி வளைந்த, மெல்லிய தலையுள்ள ஸ்பானரைத் தேடி வாங்குகிறோம்.

தங்கள் ஸ்பானர்களின் வளைவில் குறையில்லை. ஸ்பிரிங் தட்டைப் பிடிக்கும் ஸ்பானரும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நட்டுகளுக்கான இரண்டில் ஒன்றின் வாய், வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது 14.5 மி.மீ. இருந்தது. மற்றொன்று முதலில் சரியாகப் பொருந்தினாலும், இறுகியிருந்த லாக் நட்டைத் தளர்த்த அழுத்தியபோதே வாய் விரிந்துவிட்டது. எஃகைப் போதுமான அளவு கடினப்படுத்தவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. விளைவாக, இரண்டு கேப் நட்டுகளின் முனைகள் மழுங்கிப்போயின. வேறு ஸ்பானரும் இப்போது அவற்றில் பிடிப்பதில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உறிஞ்சு வால்வுக்கு 0.10 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 0.30 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டிய வேலை இது. நட்டு வழுக்கினால் இந்த நுட்பமான அளவை நிறுத்த முடியாது. இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும். அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றும் டீசல் எஞ்சின் காலையில் கிளம்பவே திணறும். மூடியிருக்கும் நேரத்தில்தான் வெளியேற்று வால்வு தன் வெப்பத்தை, தான் அமர்ந்து மூடும் விளிம்பான வால்வு இருக்கைக்குக் கடத்துகிறது என்பதால், நாளடைவில் அது கருகிப்போகவும் கூடும். இத்தனை பழைய காரைப் பொறுப்போடு பராமரிப்பவர்கள் அட்டையில் உள்ள சொல்லை நம்பியே கருவி வாங்குகிறார்கள்; அந்த நம்பிக்கைக்கு இந்தத் தொகுப்பு தகுதியானதாக இல்லை.

ஆகவே தொகுப்பின் முழு விலையையும், மழுங்கிய இரண்டு கேப் நட்டுகளுக்கான மாற்றுச் செலவையும் தாங்கள் தர வேண்டும். அதே வகையில் வேறு ஸ்பானர் அனுப்புவதை நான் ஏற்க இயலாது. மேலும், இதே தயாரிப்புத் தொகுதியில் மீதமுள்ளவற்றின் வாய் அளவையும் கடினத்தையும் சோதித்து முடிக்கும்வரை அவற்றை விற்பனையிலிருந்து விலக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்பானர்களைத் தங்கள் ஆய்வுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். அனுப்பும் செலவு தங்களுடையது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: விலைச் சீட்டின் நகல், காலிப்பர் அளவும் மழுங்கிய நட்டுகளும் தெரியும் படங்கள்