வளம் இருக்கிறது, ஆழம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிமலை மண் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எரிமலைப் பாறை சிதைந்து உருவான மண்ணில் கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் நிறைந்திருக்கும் என்று அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, அத்தகைய மேய்ச்சல் நிலங்களை உழுது உயர்ரகப் புல் விதைக்கலாம், மரம் நடலாம் என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. மண் ஆய்வு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். சும்மா இருக்க மனம் வரவில்லை.

எரிமலைப் பாறை என்று ஒரே பாறை கிடையாது. பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறையில் சிலிக்கா (மணலில் மிகுந்திருக்கும் பொருள்) ஏறத்தாழ 45 முதல் 52 சதவீதம். ரயோலைட் என்னும் வெளிர்நிற எரிமலைப் பாறையில் அது 70 சதவீதத்தைத் தொடும், தாண்டும். முன்னது மழையிலும் வெயிலிலும் ஓரளவு சீக்கிரம் சிதைந்து களியாகும். பின்னது நறநறவென்ற மணலையும் சரளையையும் தரும், சத்தும் குறைவு. எரிமலைச் சாம்பலிலிருந்து வரும் மண் இன்னொரு ரகம். கையில் அள்ளினால் கனமே தெரியாது: ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராமோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். கூடவே பாஸ்பரஸையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிபாரிசு எப்படிச் செய்வது?

பசால்ட்டையே எடுத்துக்கொள்வோம். தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இந்தப் பாறை பரந்து கிடக்கிறது, வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு. பாறை ஒன்றுதான், மண் ஒன்றல்ல. மேட்டின் உச்சியில் ஒரு சாண் மண் இருந்தாலே அதிகம், அதிலும் பாதி கல். சரிவில் இறங்க இறங்க ஆழம் கூடும். பள்ளத்துக்கு வந்தால் ஆழமான கரிசல். மேட்டிலிருந்து அரித்து வந்த களியும், நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பும் அங்கேதான் வந்து சேர்கின்றன. இப்படிப்பட்ட பள்ளத்து மண் எப்போதோ ஏர் பூட்டப்பட்டுவிட்டது. ஆடுமாடுகளுக்கு மிஞ்சியது மேடுதான். எரிமலை மண்ணின் வளத்துக்குச் சான்றாகப் பள்ளத்தைக் காட்டிவிட்டு, சிபாரிசை மட்டும் மேட்டுக்குச் சொன்னால் எப்படி? கட்டுரை சறுக்கிய இடம் இதுதான்.

மேட்டு மண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சியைவிட ஆழமான இடமாகவே பார்த்து, 40 செ.மீ. ஆழம், அதில் பாதி கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் பிடிக்கும் மண் 20 செ.மீ. மட்டுமே. ஒரு செ.மீ. மண்ணில் ஒன்றரை மி.மீ. நீர் வேருக்குக் கிடைக்கும் என்று தாராளமாகவே கொண்டாலும் மொத்தம் 30 மி.மீ. வெயில் நாட்களில் நன்றாக வளர்ந்து நிற்கும் புல் தினமும் 4, 5 மி.மீ. உறிஞ்சும். ஒரு வாரத்தில் இருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் மண்ணில் கால்சியம் எத்தனை இருந்து என்ன பயன்? இதே மண்ணில் தானாக வளர்ந்திருக்கும் புல்லோ, மழை நின்றதும் விதையைச் சிந்திவிட்டு ஓய்ந்துவிடத் தெரிந்தது. உயர்ரகப் புல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் இருக்குமா என்பது சந்தேகமே.

கல்லைப் பொறுக்கி எறிந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் மேலே பரவிக் கிடக்கும் கற்கள் மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்கின்றன, மண் அரிப்பைத் தடுக்கின்றன, கீழே உள்ள ஈரம் ஆவியாவதைக் குறைக்கின்றன. அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள கொலம்பியா பசால்ட் பீடபூமியில், பனியுக வெள்ளங்கள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போன இடங்கள் உண்டு. அங்கே சேஜ்பிரஷ் இனத்துக் குறும்புதர் ஒன்று பாறை வெடிப்புக்குள் வேரை இறக்கிப் பிழைக்கிறது. கல்லும் அந்த நிலத்தின் ஓர் உறுப்புதான்.

சரி, ஆழமான கரிசலிலாவது மரம் நடலாமா? பசால்ட் சிதைந்து பிறக்கும் ஸ்மெக்டைட் வகைக் களி சத்துகளை நன்றாகப் பிடித்துவைக்கும், சந்தேகமில்லை. ஆனால் நனைந்தால் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஒவ்வோர் ஆண்டும் மண் இப்படி அசையும்போது அடிமண் கட்டிகள் ஒன்றோடொன்று உரசி, உரசிய முகங்கள் பளபளவென்று வழவழத்துப் போகும். குழி வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடையில் மாட்டிய இளம் மரவேர்கள் அறுபடுகின்றன. பல கரிசல் வெளிகளில் மரம் அரிதாகவும் புல் அடர்ந்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை குறைந்த பகுதிகளில் இன்னொரு சிக்கல்: சிறு தூறல் களிமண்ணின் மேற்பரப்போடு நின்று மறுநாளே ஆவியாகிவிடும், மணற்பாங்கான நிலத்தில் அதே தூறல் கீழிறங்கி வேரைச் சேரும். எனவே வறண்ட இடங்களில் ‘வளம் குறைந்த’ மணல் நிலம் களிமண்ணை விட அதிகப் புல் தருவதும் உண்டு. ஈரக் களியில் மந்தையை விட்டால் குளம்பு மிதித்துத் துளைகள் அடைபட்டு இறுகிவிடும் என்பதை மேய்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கறுப்பாக இருக்கும் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மேலும், கறுப்பு மண்ணெல்லாம் எரிமலை தந்ததல்ல. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு அடியில் இருப்பது பசால்ட் இல்லை.

கட்டுரையாளர் செரங்கெட்டியைக் குறிப்பிட்டிருந்தார். அது அவர் பக்கம் நிற்கும் சான்றுதான், மறுக்கவில்லை. தான்சானியாவின் வடபகுதியில் உள்ள செரங்கெட்டியின் தென்கிழக்குச் சமவெளியில் எரிமலைச் சாம்பல் மண்ணில் வளரும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்ட் என்னும் பெரிய மான் வகைக் கூட்டம் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வந்து குட்டி போடுகிறது. ஆனால் அடியில் சுண்ணாம்பு இறுகிக் கெட்டித் தட்டாகியிருப்பதால் மரவேர் இறங்க இடமில்லை. மழை நின்றதும் புல் காய்கிறது, கூட்டமும் கிளம்பிவிடுகிறது. உலகின் மிகச் சத்தான மேய்ச்சல் நிலங்களில் ஒன்று, ஆண்டுக்குச் சில மாதம்தான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பசால்ட் சமவெளியை அவர் குறிப்பிடவில்லை. உழவு பற்றிப் பேசும்போது அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஐரோப்பியர் குடியேறியபின் அங்கிருந்த இயற்கைப் புல்வெளி உழவுக்கும் விதைத்த மேய்ச்சலுக்கும் போய், இன்று மிகச் சிறு பங்கே மிஞ்சியிருக்கிறது. 2008-இல் அந்நாட்டு அரசு அதை மிகவும் அருகிவிட்ட சூழல் தொகுதியாக அறிவித்தது. மிஞ்சிய துண்டுகளில் பல, கல் அதிகமென்று ஏர் ஏறாமல் விட்ட இடங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் குழி வெட்டி எடுத்த படங்களையும், ஆழம், கல்லின் அளவு, சுண்ணாம்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்ற விவரங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மண் ஆய்வாளர் ஒருவர்